லைன் அக்காவின் மூன்றாவது லைன்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை லைன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட நான்கு வயது மூத்த கணக்காளர்கூட கூச்சமில்லாமல் அக்கா என்றே கூப்பிட்டார். ஆரம்பத்தில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. போகப் போக, யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடும் அளவுக்குப் பழகிவிட்டது.

இருபத்திமூன்று வயதில் அவர் அங்கே டெலிபோன் போர்டில் உட்கார வந்தவர். "லைன்ல இருங்க" என்று அவர் சொன்னால் எதிர்முனையில் எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் அரை மணி நேரம் இருப்பார். அப்படி ஒரு குரல். பிறகு ஒருநாள் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போர்டு போனது, ஆள் மிச்சமிருந்தார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் அறையில் ஒரு நாற்காலி போட்டு, குளிர்சாதனம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

குளிர்சாதனம் எத்தனை மணி நேரம்தான் பார்க்க முடியும்? அறையில் பிரிக்காத பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குள் பிரிக்காத கையேடுகள் இருந்தன. அக்கா மடியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இன்ஜினியர்கள் வந்தார்கள், வேறு வேலை கிடைத்துப் போனார்கள். போகிறபோது ஒவ்வொருவரும் பாஸ்வேர்டை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பதினைந்து வருடத்தில் அந்தக் கட்டிடத்தின் சாவிக்கொத்தே அவர் தலைக்குள் இருந்தது. பதவியின் பெயர் மட்டும் 'டெலிபோன் உதவியாளர்' என்றே இருந்தது. கட்டிடத்தில் அப்போது இன்டர்காமைத் தவிர டெலிபோனே இல்லை.

அது ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் நிலையம். எங்கெங்கோ இருக்கிற சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்த படங்கள் இணையத்தில் வந்து சேரும். இங்கே இருட்டறைகளில் உட்கார்ந்திருக்கும் ஆறு டாக்டர்கள் அவற்றைப் பார்த்து, எங்கே எலும்பு முறிந்திருக்கிறது, எங்கே ரத்தம் கசிகிறது என்று எழுதி அனுப்புவார்கள். ஒரு தலை ஸ்கேன் என்றால் நூற்றுக்கணக்கில் படங்கள். லைன் அறுந்தால் டாக்டர்கள் காபி குடிக்கலாம். நோயாளி காத்திருக்க வேண்டும்.

அந்த லைன் வாரத்துக்கு இரண்டு முறை அறுந்தது.

அக்கா மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினார். இன்னொரு கம்பெனியிடமிருந்து இரண்டாவது லைன் வாங்கலாம், இரண்டையும் ரவுட்டரில் 'பாண்டிங்' செய்து ஒன்றாகக் கட்டிவிட்டால் வேகமும் கூடும், ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும் என்று விவரமாக இரண்டு பக்கம். தலைப்பில் 'பாண்டிங் தேவை, அவசரம்' என்று போட்டார்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். எந்த மெயிலையும் தலைப்பைத் தாண்டிப் படிக்கிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான். அதை அப்படியே பணியாளர் நலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். நலப் பிரிவு சுறுசுறுப்பானது; அவர்கள் அகராதியில் பாண்டிங் என்றால் மனிதர்களுக்குள் நெருக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் மொட்டை மாடியில், ஊழியர்கள் ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகுவதற்காக விளையாட்டுப் போட்டிகள் ஏற்பாடாயின. லைன் அக்கா வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, கரண்டியில் எலுமிச்சம்பழத்தோடு ஓடி இரண்டாவதாக வந்தார். பரிசாக ஒரு பிளாஸ்டிக் டப்பா கிடைத்தது.

"உங்க யோசனை பிரமாதம் அக்கா," என்றார் மேனேஜர், மூச்சு வாங்கியபடி. சாக்கு ஓட்டத்தில் அவரும் ஓடியிருந்தார். "எல்லாருக்குள்ளயும் ஒரு நெருக்கம் வந்துருச்சு பாருங்க."

"சார், நான் கேட்டது லைனுக்கு சார்."

"எந்த லைனுக்கு?"

அன்று அங்கேயே, வியர்வை வழிய, அக்கா விளக்கிச் சொன்னார். பெரிய டாக்டர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததால் மேனேஜரால் தட்ட முடியவில்லை. இரண்டாவது லைன் வந்தது.

வாங்குவதற்கு முன், பழைய லைன் கம்பெனி, புது லைன் கம்பெனி இரண்டின் விற்பனையாளர்களிடமும் அக்கா ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார். "உங்க கேபிள் எந்த வழியா வருது? இன்னொரு கம்பெனி வர்ற வழியிலயா?"

"சேச்சே, நாங்க முழுக்க வேற வழி மேடம்," என்றார் முதலாமவர். இரண்டாமவரும் சொல் பிசகாமல் அதையே சொன்னார்.

இரண்டு லைனையும் கட்டி முடித்த முதல் நாள், எல்லாம் முன்னைவிட மெதுவாகிவிட்டது. மேனேஜர் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றார். "நூறும் நூறும் இருநூறுன்னு சொன்னீங்க. இப்ப இருந்த நூறும் போச்சே?"

 போர்டில் உட்கார்ந்த காலத்துக் குரல் அக்காவுக்குக் கைகொடுத்தது. "கொஞ்சம் லைன்ல இருங்க சார்," என்றார். மேனேஜர் அங்கேயே நின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். பாண்டிங்கில் ஒவ்வொரு படமும் துண்டு துண்டாக வெட்டப்படும். பாதித் துண்டுகள் ஒரு லைனில், மீதி அடுத்த லைனில் வரும். வந்து சேர்ந்ததும் ரவுட்டர் அவற்றை வரிசைப்படுத்தி ஒட்டும். முதல் லைன் வேகமானது; அதன் துண்டுகள் முந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது லைன், பெயருக்குத்தான் நூறு, ஆடி அசைந்து வரும். ஒட்டுகிறவருக்குப் பொறுமை இல்லை. மூன்றாவது துண்டைக் காணோமே, தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்று முடிவு கட்டி, மறுபடி அனுப்பு என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் பழைய துண்டு வந்து நிற்கும். இப்படியே நாள் முழுக்கக் கூச்சல்.

அக்கா மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். வேகமான லைனுக்கு மூன்று துண்டு, மெதுவான லைனுக்கு ஒன்று என்று பங்கைப் பிரித்தார். ஒட்டுகிறவரை இன்னும் ஒரு இமைப்பொழுது சேர்த்துக் காத்திருக்கச் சொன்னார். நான்காம் நாள் காலை பெரிய டாக்டர் ஒரு ஸ்கேனைத் திறந்தார். அது சட்டென்று திறந்துகொண்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சரியாக நடக்கிற எதைப் பற்றியும் அந்தக் கட்டிடத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அந்த வாரக் கடைசியில் வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். நல்ல சட்டை, நல்ல செண்ட். ரவுட்டரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வண்ணப் படங்களோடு நாற்பது பக்கத்தில் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் அக்கா செய்த வேலை முழுவதும் இருந்தது. அக்கா மட்டும் இல்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது, பள்ளி வேன் ஓட்டும் அவருடைய கணவர் சிரித்தார். "நான் இருபது வருஷமா ஒரு பிள்ளைக்குக்கூட கீறல் இல்லாம கொண்டுபோய் விடுறேன். ஒரு நாளாச்சும் யாராச்சும் நன்றி சொன்னாங்களா? ஒரு நாள் அஞ்சு நிமிஷம் லேட்டானா போதும், பதினெட்டு அம்மாங்க போன் பண்ணுவாங்க."

"அதுக்குன்னு இடிச்சுக் காட்ட முடியுமாங்க?"

"இடிச்சா பேப்பர்ல போட்டோ வரும்."

அக்காவின் மனதில் இன்னொரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. 'முழுக்க வேற வழி' என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் குடையை எடுத்துக்கொண்டு கட்டிடத்துக்கு வெளியே போனார். இரண்டாவது லைன் பழுது பார்க்க வந்த ஆள் நடைபாதையில் ஒரு மூடியைத் திறந்து வைத்து உள்ளே இறங்கியிருந்தார். அக்கா குனிந்து எட்டிப் பார்த்தார். ஒரே குழாய். அதற்குள் இரண்டு கேபிள்கள், அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு கட்டிடத்துக்குள் போயின.

திரும்பி வந்து மேனேஜருக்கு எழுதினார். இரண்டு லைன் இருந்தும் குழாய் ஒன்றுதான், அது அறுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும், வான்வழியாக வருகிற சிம் லைன் ஒன்று மூன்றாவதாக வேண்டும் என்று. மேனேஜரிடமிருந்து உடனே பதில் வந்தது. 'மிக்க மகிழ்ச்சி. பாராட்டுகள்.' தலைப்பில் அக்கா 'இரண்டு லைன்' என்று போட்டிருந்தார்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அலமாரியில் தூசி படிந்து கிடந்த, சிம் போட்டு இணையம் எடுக்கிற பழைய பெட்டி ஒன்றை எடுத்துத் துடைத்தார் அக்கா. சிம்மை அவரே வாங்கினார். சிக்கல் என்னவென்றால், கனத்த சுவர்கள் கொண்ட அந்தக் கட்டிடத்துக்குள் செல்போன் சிக்னல் செத்துவிடும். பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மாடி மாடியாக நடந்தார். கடைசியில் மூன்றாம் மாடிப் பெண்கள் கழிப்பறையில், துடைப்பமும் வாளிகளும் வைக்கிற மூலையில், சன்னல் பக்கம் போனதும் பெட்டியில் நான்கு பச்சைப் புள்ளிகளும் எரிந்தன.

துப்புரவு வேலை பார்க்கும் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னக்கா அது, கேமராவா?"

"ஐயோ இல்லம்மா. இன்டர்நெட்டு."

"இங்கயா? ஆபீஸ்ல வேற எடமே கெடைக்கலியா?"

"மத்த எடத்துல எல்லாம் சிக்னல் வர மாட்டேங்குதும்மா. இங்கதான் நல்லா வருது."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, பெட்டியை மேல் தட்டில் தூக்கி வைத்து, தண்ணீர் தெறிக்காமல் ஒரு பக்கெட் மூடியால் மறைவு கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டிடத்தில் அக்காவின் திட்டம் ஒன்றுக்கு ஒரே நாளில் அனுமதி கிடைத்தது அந்த ஒரு முறைதான். வயரை மேல் கூரை வழியாகக் கம்ப்யூட்டர் அறைக்கு இழுத்து, அக்கா அதை மூன்றாவது லைனாகச் சேர்த்தார். மற்ற இரண்டும் இருக்கும்வரை சும்மா இரு, இரண்டும் போனால் நீ எழுந்திரு என்று ரவுட்டருக்குச் சொல்லி வைத்தார்.

ஒரு வருடம் ஒரு நாள்கூடத் தடங்கல் இல்லை. அதற்காக நிலையத்துக்கு விருது ஒன்று கிடைத்தது: 'இடையறாத இணைப்புக்கான சிறப்பு விருது'. விருதைப் பார்த்துப்போக ஏழெட்டு முக்கியஸ்தர்கள் வருவதாகச் செய்தி வந்ததும், 'இடையறாத இணைப்பு' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை செய்து கட்டிட வாசலில் நட மேனேஜர் ஏற்பாடு செய்தார்.

விருந்தினர்கள் வந்து அரங்கில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில், காலை பதினொன்றே கால் மணிக்கு, கம்ப்யூட்டர் அறையில் முதல் லைனின் விளக்கு அணைந்தது. அக்கா நிமிர்வதற்குள் இரண்டாவதும் அணைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நான்கில் மூன்றாவது விளக்கு மினுக்கியது. பிறகு நின்று எரிந்தது.

உடனே இன்டர்காம் அடித்தது. பணியில் இருந்த இளம் பெண் டாக்டர். "அக்கா, ஒரு அவசர கேஸ். சாரத்துலேர்ந்து விழுந்த ஆளு, தலை ஸ்கேன். எண்ணூத்தி நாப்பது படம் வரணும். அறுபதோட நிக்குது."

"அறுந்துருச்சா டாக்டர், இல்ல மெதுவா வருதா?"

"வருது... ஆனா நகரவே மாட்டேங்குது."

"வந்தா போதும். வைக்காதீங்க, லைன்ல இருங்க."

மூன்றாவது லைன் மெலிந்த லைன். அதன் தோளில் அப்போது கட்டிடமே ஏறி உட்கார்ந்திருந்தது. அக்கா ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். கணக்குப் பிரிவு, வரவேற்பறை டி.வி., மேனேஜரின் மெயில். அப்படியும் பாதிக்கு மேல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் அரங்கில் விருந்தினர்களுக்காகத் திறந்துவிட்ட வைஃபை. ஏழெட்டுப் பேரும் மேனேஜர் பேசப் பேச, செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் விரல் விசைமேல் ஒரு கணம் நின்றது. முக்கியஸ்தர்கள். வேலைக்கே உலை வைத்துவிடலாம். பிறகு வைஃபையை அணைத்தார்.

"முன்னூறு," என்றார் டாக்டர். "முன்னூத்தி எழுபது. அக்கா, என்ன பண்ணுனீங்க?"

"கொஞ்சம் கூட்டத்தை வெலக்கிவிட்டேன்."

அறுநூற்றுப் பத்தாவது படத்தில் டாக்டரின் குரல் மாறியது. "போதும், தெரிஞ்சிருச்சு. இடது பக்கம், ரத்தம் கட்டியிருக்கு. இப்பவே திறக்கச் சொல்றேன்." டாக்டர் இணைப்பைத் துண்டித்தார். அக்கா ரிசீவரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மீதி இருநூற்று முப்பது படங்களும் யாரும் கேட்காமலே நிதானமாக வந்து சேர்ந்தன.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். விருந்தினர்கள் வெளியே வருவதற்குள் பலகையின் காலை நட்டுவிட ஒரு ஆள் அவசரமாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். குழிக்குள் குழாய் பிளந்து கிடந்தது. இரண்டு கேபிள்களும் ஒரே வெட்டில் போயிருந்தன.

"என்னண்ணே, ரெண்டு கேபிளையும் வெட்டிட்டீங்களே?"

"ரெண்டா?" என்றார் அவர், உண்மையான ஆச்சரியத்தோடு. "ஒரு குழாய்தானேம்மா இருந்துச்சு! ரெண்டுன்னா தனித்தனியா போட்டிருக்க வேண்டாமா?"

அவர் கேட்டது நியாயம்தான் என்று அக்காவுக்குத் தோன்றியது. வேறு யாரிடமும் இவ்வளவு சுருக்கமாக அதை அவரால் சொல்ல முடிந்ததில்லை.

அரங்கில் வேறு கதை. செல்போனில் படம் நின்றுபோனதும், அந்தச் சுவர்களுக்குள் வேறு சிக்னலும் இல்லாததால், விருந்தினர்கள் வேறு வழியின்றித் தலைநிமிர்ந்து மேனேஜரின் பேச்சைக் கேட்டார்கள். மேனேஜரின் வாழ்நாளில் அவர் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உற்சாகத்தில் கால் மணி நேரம் கூடுதலாகப் பேசினார். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது முடிந்ததற்கான கைதட்டல் என்று நலப் பிரிவில் ஒருவர் பின்னால் சொன்னார்.

மாலையில் அக்கா நடந்ததைச் சொன்னபோது மேனேஜர் முகத்தில் அந்தப் பூரிப்பு இன்னும் வடியவில்லை. "நல்ல வேளை, யாருக்கும் தெரியல," என்றார். "நாமளும் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், சரியா?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. படம் அனுப்பிய மருத்துவமனையின் அலுவலகம் எழுதியிருந்தது: குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஸ்கேன் ஏழு நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, விளக்கம் தேவை. அக்காவின் இத்தனை வருட வேலையைப் பற்றி எழுத்தில் வந்த முதல் குறிப்பு அது. பதில் எழுதும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. 'டெலிபோன் உதவியாளர்' என்று கையெழுத்திட்டு, குழாய், பலகை, கழிப்பறை, பக்கெட் மூடி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். மேனேஜரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அவர் தலைப்பைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அந்த இளம் டாக்டர் படியிறங்கும்போது அக்காவைப் பார்த்து நின்றார். "அன்னிக்கு அந்த சாரத்து ஆளு ஞாபகம் இருக்கா அக்கா? நேத்து நடந்தே வீட்டுக்குப் போயிட்டாராம். எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்க." சொல்லிவிட்டு அவசரமாக இறங்கிப் போய்விட்டார். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஏற வந்தோமா, கீழே இறங்க வந்தோமா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. அன்று வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். அவர் கேலி எதுவும் பண்ணவில்லை. "நடந்தேவா?" என்று மட்டும் கேட்டார்.

"நடந்தே."

"ம்," என்றார் அவர். இன்னொரு கரண்டி சோறு எடுத்து அக்காவின் தட்டில் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜர் போன் செய்தார். வீட்டில் இணையம் விட்டுவிட்டு வருகிறதாம். மகளுக்கு ஆன்லைனில் பரீட்சை, மனைவிக்கு அலுவலகக் கூட்டம், ஒரே ரகளை. "நீங்க கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போக முடியுமா அக்கா? நான் நாலு பேரைக் கூப்பிட்டுட்டேன். எல்லாரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்றாங்க."

அக்கா போனார். வழியிலேயே இரண்டாவது லைனுக்கு ஒரு சிம் வாங்கிக்கொண்டார். மேசைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்து, இரண்டையும் கட்டி, பங்கு பிரித்து, ஒரு மணி நேரத்தில் கடைசித் திருகாணி வரை வந்துவிட்டார். மகள் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சோதித்துக் காட்டுவதற்காக ஒரு வயரைப் பிடுங்கினார். மேனேஜர் "ஐயோ!" என்று பாய்ந்தார். உள்ளறையில் மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பரீட்சை பாட்டுக்கு ஓடியது.

மேனேஜர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிடுங்கிய வயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படிக்கா இது?"

அக்கா சொன்னார். துண்டுகளைப் பற்றி, முந்தி வருவதைப் பற்றி, பிந்தி வருவதைப் பற்றி, காத்திருப்பதைப் பற்றி. மேனேஜர் தலைப்பில் நின்றுவிடாமல் கடைசி வரை கேட்டார். நடுவில் இரண்டு கேள்வியும் கேட்டார். இரண்டுமே நல்ல கேள்விகள். அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போனது.

"அக்கா," என்றார் மேனேஜர் கடைசியில், கண்கள் பளபளக்க. "இவ்வளவு பிரமாதமான விஷயம். இதை நம்ம ஆபீஸ்லயும் பண்ணினா என்ன?"

அக்கா மேசைக்கு அடியிலிருந்து அவரை ஏறிட்டுப் பார்த்தார். கடைசித் திருகாணி இன்னும் பாதிதான் இறங்கியிருந்தது. அதை இறுக்கி முடித்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பண்ணலாம் சார்," என்றார். "குழாயைத் தனித்தனியாப் போடணும், கொஞ்சம் செலவாகும்."